தர்மபுரி வெயிலில் ஷிட்சூ வளர்க்கலாமா?

கேட்டிருப்பது இதுதான்: தர்மபுரி டவுனில் மாடி வீடு, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் வீட்டில் அம்மா மட்டும். ஓசூரில் சொந்தக்காரர் வீட்டில் ஷிட்சூ நாயைப் பார்த்ததிலிருந்து ஆறு வயது மகள் அதேதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். நம்ம ஊர் வெயிலை அது தாங்குமா, களி போடலாமா, முடியை எப்படிப் பார்த்துக்கொள்வது, மாதம் என்ன செலவாகும்?

தாங்கும் தம்பி, ஆனால் வீட்டுக்குள் வைத்து வளர்த்தால் மட்டும். மொட்டை மாடியிலோ வாசலிலோ கட்டிப்போடும் எண்ணம் இருந்தால் இதை விட்டுவிட்டு ஒரு நல்ல நாட்டு நாய்க்குட்டியாக எடுத்து வளருங்கள், வீட்டுக்குக் காவலாவது மிஞ்சும். நான் கிருஷ்ணகிரியில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை வைத்திருக்கிறேன். வருவதில் பாதிக்கு மேல் ஷிட்சூதான், அதனால் அதன் அழகைவிட அவஸ்தையைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வருகிற எல்லாரும் முடியைப் பற்றித்தான் கேட்பார்கள். முடியை யாரிடமாவது காசு கொடுத்து வெட்டிக்கொள்ளலாம், அந்தச் சப்பை மூஞ்சியை என்ன செய்வது? மூச்சு, கண், பல், வெயில், சாப்பாடு என்று இந்த நாய்க்கு வரும் தொல்லையில் முக்கால்வாசி அந்த முகத்திலிருந்து வருவதுதான்.

முதலில் நாயைப் பற்றிக் கொஞ்சம். திபெத்தில் தொடங்கி சீன அரண்மனையில் மடியிலும் மெத்தையிலும் வளர்ந்த ஜாதி இது, 1930-ல் இங்கிலாந்துக்குப் போய் அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. வேட்டைக்கும் காவலுக்கும் யாரும் இதைப் பழக்கியதில்லை, மனிதர்களோடு ஒட்டிக்கொண்டு கிடப்பதுதான் இதன் ஒரே வேலை. வளர்ந்தால் 4 முதல் 7 கிலோ, தோள் உயரம் 10 அங்குலத்தை ஒட்டி இருக்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 16 வருடம் இருக்கும். இப்போது ஆறு வயதுப் பாப்பா காலேஜ் முடிக்கும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொமேரியன் மாதிரி எதற்கெடுத்தாலும் குரைக்காது, கடிக்கும் குணமும் குறைவு, யார் வந்தாலும் வாலாட்டும், திருடன் வந்தாலும் அதேதான். பிடிவாதம் உண்டு. குறிப்பாக ஒன்றுக்கு ரெண்டுக்குப் பழக்குவது மற்ற நாய்களைவிட இழுத்துக்கொண்டு போகும், ஆறு மாதத்திலும் ஹாலில் நனைத்து வைத்தால் அதிசயப்படாதீர்கள். தூங்கி எழுந்ததும் சாப்பிட்டதும் ஒரே இடத்துக்குத் தூக்கிப்போய் விட்டு, சரியாகச் செய்தால் அந்த நிமிஷமே ஏதாவது தின்னக் கொடுங்கள். அடித்தால் உங்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போகக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான் பலன்.

தனியாக விட்டுப்போனால் இதற்கு ஆகாது. உங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார் என்பதால்தான் சரி என்கிறேன். ஆனால் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நாயை வாங்குவது பிள்ளைகள், வளர்ப்பது பாட்டிகள் என்பதுதான் என் கடையில் நான் தினமும் பார்க்கும் கதை.

இப்போது வெயில். ஓசூரில் நன்றாக இருக்கிறதே என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தர்மபுரி அதில் பாதிதான், ஏப்ரல் மே வந்தால் இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். ஷிட்சூவுக்கு மூக்குத் துவாரம் சின்னது, உள்ளே காற்று போகிற வழியும் குறுகல், அதனால் எவ்வளவு மூச்சு வாங்கினாலும் சூடு இறங்காது, மூச்சு வாங்குகிற அந்த வேலையிலேயே இன்னும் சூடேறும். கோடையில் காலை ஏழு மணிக்குள் நடக்கக் கூட்டிப்போய்விட்டு வந்துவிடுங்கள், சாயங்காலம் தார் ரோட்டில் புறங்கையை ஏழெட்டு நொடி வைத்துப் பார்த்து உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். மொத்தமே அரை மணி நடை போதும். மாடி வீடு என்பதால் மேல்தளம் மதியம் கொதிக்கும், ஏசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கீழ்த்தளத்தில் ஃபேன் ஓடும் ஓர் அறை, ஜன்னல் திறந்து, தண்ணீர் வைத்து இருக்கவேண்டும். கரண்ட் போனால் எங்கே வைப்பது என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். காருக்குள் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போவது, ஐந்து நிமிஷம்தான் என்றாலும், வேண்டவே வேண்டாம்.

நாயின் சாதாரண உடம்புச் சூடு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், அதனால் தொட்டுப்பார்த்துச் சுடுகிறது என்று பயப்படாதீர்கள். கர்கர்ரென்று சத்தமாக இழுப்பது, எச்சில் கோந்து மாதிரி ஒழுகுவது, ஈறு ரத்தச் சிவப்பாவது, தள்ளாடுவது, இதெல்லாம் வந்தால்தான் ஆபத்து. உடனே உடம்பு முழுக்க, முக்கியமாக வயிறு, தொடை இடுக்கு நனையும்படி தண்ணீர் ஊற்றி, ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடி வைக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் அந்தத் துண்டே சூட்டை உள்ளே அடைத்துக்கொள்ளும்.

கண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். கண்குழி ஆழமில்லாததால் முட்டை மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு இருக்கும், மூக்கின் மேலுள்ள முடி குத்தும், இமை முழுதாக மூடாது, புழுதி நேராகப் போய் உட்காரும். நம்ம பக்கம் கிரானைட் லாரியும் எம்சாண்ட் லாரியும் ஓடுகிற ரோட்டில் ஸ்கூட்டரின் முன்னால் நாயை நிறுத்திக்கொண்டு போவதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். அழகாகத்தான் இருக்கும், காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு கண்ணை இடுக்கிக்கொண்டு போகும், இரண்டு நாள் கழித்து ஒரு கண் மூடிய மாதிரி வரும். தினமும் காலையில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு என்று பீளையைத் துடையுங்கள், கண்ணைச் சுற்றியுள்ள முடியைக் குட்டையாக வையுங்கள். கண்ணைச் சுருக்குவது, காலால் தேய்ப்பது, கருவிழியில் பால் நிறமோ நீலமோ தெரிவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டர். மெடிக்கல் ஷாப்பில் கண் சிவந்திருக்கிறது என்று சொல்லி வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் ஆறாமல் ஆழமாகிவிடும், கண்ணே போகலாம். சில ஷிட்சூக்களுக்குக் கண்ணீர் சுரப்பது குறைந்து பிசுபிசுவென்று மஞ்சளாகப் பீளை கட்டிக்கொண்டே இருக்கும், அதற்கு ஒரு சின்னக் காகிதப் பட்டையைக் கண்ணில் வைத்து டாக்டர் சோதிப்பார், இருந்தால் ஆயுள் முழுக்க மருந்து போடவேண்டியிருக்கும். கழுத்துப் பட்டை போட்டு இழுக்கவேண்டாம், பிடரியைப் பிடித்துத் தூக்கவும் வேண்டாம். பெரிய நாய் கவ்வினாலோ கழுத்தில் பலமாக அழுத்தினாலோ இந்த ஜாதிக்குக் கண் வெளியே வந்துவிடும். வந்துவிட்டால் உள்ளே தள்ளப் பார்க்காமல் சுத்தமான ஈரத்துணியால் மூடிக் காயாமல் வைத்துக்கொண்டு ஓடவேண்டியதுதான். நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்கிவிடுங்கள்.

சரி, முடிக்கு வருகிறேன். இதற்குப் பொமேரியன் மாதிரி முடி கொட்டாது, நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே இருக்கும். கொட்டாததால்தான் சிக்கு. உதிர்ந்த உள்முடி வெளியே விழாமல் மேல்முடியில் மாட்டித் திரிந்துகொள்ளும். மேலே மேலே பிரஷ் போட்டுப் பளபளப்பாகக் கூட்டி வருவார்கள், நான் காதுக்குப் பின்னால் விரலை விட்டால் உள்ளே தோலோடு ஒட்டிய கட்டி, அதைப் பிரித்தால் தோல் சிவந்து ஈரமாக நாறும், சில சமயம் நடுவில் உப்பிய உண்ணி ஒன்று உட்கார்ந்திருக்கும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குள், தொடை இடுக்கு, ஹார்னஸ் உரசும் இடம், இந்த நாலு இடத்தைப் பாருங்கள், மீதி தானாக நன்றாக இருக்கும். முடியை இடது கையால் மேலே ஒதுக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி வகிடு எடுத்து, ஒவ்வொரு வரியாக ஸ்டீல் சீப்பை அடியிலிருந்து ஓட்டவேண்டும். நீளமாக விட்டால் தினமும், குட்டையாக வெட்டினால் வாரம் இரண்டு மூன்று தடவை. பத்து மாதத்திலிருந்து ஒரு வயசுக்குள் குட்டிமுடி மாறி பெரிய முடி வரும், அப்போது சிக்கு விழுவது போல வேறெப்போதும் விழாது, நிறையப் பேர் அந்த மாதத்தில்தான் மொட்டையடிக்கக் கூட்டிவருகிறார்கள்.

நம்ம ஊருக்கு நான் சொல்வது குட்டிவெட்டு, உடம்பு முழுக்க அரை முதல் முக்கால் அங்குலம். ஷோவுக்குப் போகும் நாயா என்ன, தரையைக் கூட்டுகிற நீள முடி எதற்கு? தோல் தெரிய மழிக்கவும் வேண்டாம், வெயில் நேராகத் தோலில் படும். ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வெட்டினால் போதும். குளியல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று, நாய் ஷாம்பூ மட்டும். குளிப்பாட்டுமுன் சிக்கெடுத்துவிடுங்கள், சிக்கோடு நனைத்தால் இறுகிப்போய்க் கத்திரிதான் வழி. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் முடி சொரசொரவென்று ஆகும், கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். குடிக்கவும் நீங்கள் குடிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரையே வையுங்கள், ஃப்ளோரைடு அதிகமான போர் தண்ணீர் மனிதனுக்கு ஆகாது என்றுதானே அந்தத் திட்டமே வந்தது, நாய்க்கு மட்டும் ஆகுமா? குளித்ததும் காதுக்குள் ஈரம் இல்லாமல் துடைத்துக் காயவைக்கவேண்டும், தொங்கு காது, உள்ளேயும் முடி, ஈரம் நின்றால் ஒரு வாரத்தில் புளித்த வாடை வரும்.

களி போடலாமா என்றால், போடலாம். கேழ்வரகு நாய்க்குக் கெடுதல் இல்லை. ஆனால் உருண்டையாகப் போடாதீர்கள், சப்பை வாயால் கவ்வி அப்படியே விழுங்கப் பார்த்து மூச்சு திணறும், கரைத்து, வேகவைத்த எலும்பில்லாத கோழியோடு பிசைந்து கொடுங்கள். களியோ சோறோ பாதிக்கு மேல் போகவேண்டாம், கோழி, முட்டை, கொஞ்சம் பூசணி கேரட் என்று மீதி இருக்கட்டும். தயிர்சோறும் பால் பிஸ்கட்டும் மட்டும் தின்று வளரும் ஷிட்சூக்கள் உருண்டையாக வந்து நிற்கும், மூச்சுக் கஷ்டம் உள்ள நாய்க்கு அந்த எடை இரட்டைக் கேடு. வீட்டில் சமைக்க நேரமில்லை என்றால் சின்ன ஜாதிக்கான நல்ல டாக் ஃபுட் போதும், அதுவே முழுச் சத்துணவு. குட்டிக்கு நாலு வேளை, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை. சின்னக் குட்டி ஒரு வேளை சாப்பிடாமல் சோர்ந்து நடுங்கினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம், தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ ஈறில் தடவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

குழம்புச் சோறு போடக்கூடாது, அதற்குக் காரம் மட்டும் காரணமில்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்து திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட் ஆகாது, சுகர்ஃப்ரீ சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் ரொம்பக் கொஞ்சமே போதும் உயிருக்கு ஆபத்தாக. நம்ம மாவட்டத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டியது புளி. திராட்சையில் நாய்க்குக் கெடுதல் செய்வது டார்டாரிக் அமிலம் என்று சில வருடங்களாகக் கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள், புளியில் அதே அமிலம் இன்னும் அதிகம், புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் கெட்டதும் பதிவாகியிருக்கிறது. மாசி பங்குனியில் வீட்டு வாசலில் புளி தட்டிக் கொட்டை எடுத்துக் காயவைக்கிற ஊர் இது, இனிப்பும் புளிப்புமாக இருப்பதால் நக்கும். அந்தப் பக்கம் விடாதீர்கள். தின்றுவிட்டு வாந்தி எடுத்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அடுத்து மாங்காய் சீசன். பெங்களூரா மாம்பழச் சதை ஒரு துண்டு கொடுத்தால் ஒன்றும் ஆகாது, கொட்டையைச் சப்பக் கொடுத்தால் வழுக்கி உள்ளே போய்க் குடலில் அடைத்துக்கொள்ளும், வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கவேண்டும். வெந்த கோழி எலும்பும் அப்படித்தான், உடைந்து குத்தும்.

வாய் சின்னது, பல் எண்ணிக்கை மட்டும் பெரிய நாய்க்கு உள்ள அதே 42, இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று முளைக்கும். ஏழு மாதமாகியும் பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லோடு சேர்ந்து நின்றால் டாக்டரிடம் காட்டி எடுத்துவிடுங்கள். நாய்க்கான பேஸ்ட்டில் துலக்கிவிடுங்கள், நம்முடையது வேண்டாம்.

உங்கள் வீட்டுத் தரை கிரானைட்டா? எங்கள் ஊரில் முக்கால்வாசி வீடு அதுதான். வெயிலுக்கு அதன்மேல் வயிறு படப் படுத்துக்கொள்ளும், நல்லதுதான், ஆனால் வழுக்கும். இந்த ஜாதிக்கு முழங்கால் சில்லு நழுவுவது சகஜம், ஓடும்போது ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு குதித்துவிட்டு மறுபடி ஊன்றினால் அதுதான். நடமாடும் இடத்தில் பாய் போடுங்கள், பாதத்துக்கு அடியில் முடியை ஒட்ட வெட்டுங்கள், சோபாவிலிருந்து குதிக்க விடாமல் பாப்பாவைத் தரையில் உட்கார்ந்து கொஞ்சச் சொல்லுங்கள்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை, மூன்று மாதத்தில் ரேபீஸ், அப்புறம் டாக்டர் சொல்லும் கணக்கில். அது முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள், பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்து ரத்தமாகப் பேதி போனால் இந்தச் சைஸ் குட்டி தாக்குப்பிடிப்பது கஷ்டம். உண்ணிக்கு மாத்திரையும் இருக்கிறது, பிடரியில் விடும் சொட்டு மருந்தும் இருக்கிறது, எடைக்குத் தக்கபடி டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கலந்து குளிப்பாட்டும் பழக்கம் நம்ம பக்கம் இருக்கிறது, ஆறு கிலோ நாய்க்கு அதுவே விஷம். நாய் சாப்பிடாமல், ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகித்து ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஊசி, பூச்சி மருந்து இதற்கெல்லாம் உள்ளூர் மாட்டாஸ்பத்திரியே போதும். கண் ஆபரேஷன், மூக்குத் துவாரம் பெரிதாக்குவது மாதிரி வேலைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி அல்லது பெங்களூர்.

வாங்குகிற விஷயம். பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி செக்போஸ்ட் வரை கூடையில் கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். வீட்டுக்கே போய்த் தாயைப் பாருங்கள், அது சும்மா படுத்திருக்கும்போதே குறட்டை மாதிரி இழுத்தால் குட்டிக்கும் அது வரும். குட்டியின் மூக்குத் துவாரம் கோடு மாதிரி ஒட்டியிருக்கக்கூடாது, திறந்து இருக்கவேண்டும். தொப்புளில் புடைப்பு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான மத்திய அரசின் 2017 விதிகளே சொல்கின்றன. டீகப், இம்பீரியல் என்று பேர் சொல்லிக் கூடுதல் காசு கேட்டால் அப்படித் தனி ஜாதி எதுவும் கிடையாது, குறை வளர்ச்சியை விற்கிறார்கள்.

செலவு, சாப்பாடு, முடிவெட்டு, உண்ணி மருந்து எல்லாம் சராசரி பார்த்தால் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கீழே வராது, ஆஸ்பத்திரிச் செலவு தனி. பெண்குட்டியாக வாங்கி ஒரு தடவை குட்டி போட வைத்து விட்ட காசை எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். தாயின் இடுப்பு சின்னது, குட்டியின் தலை பெரிது, பல சமயம் சிசேரியன்தான், குட்டி விற்ற காசு அங்கேயே போய்விடும். வளர்க்க மட்டும்தான் என்றால் ஆணோ பெண்ணோ குணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, டாக்டரிடம் கேட்டு உரிய வயதில் கருத்தடை செய்துவிடுங்கள், மயக்க மருந்து கொடுக்குமுன் சப்பைமூக்கு ஜாதி என்பதை நீங்களும் ஞாபகப்படுத்துங்கள்.

வாங்குவதென்றால் சித்திரையில் வேண்டாம், ஆடிக்குப் பிறகு வாங்குங்கள். குட்டி பழகி, ஊசியெல்லாம் முடிந்து, அடுத்த கோடை வருவதற்குள் கொஞ்சம் வளர்ந்திருக்கும்.